இயக்குநர் நாற்காலியும் நேர்காணல் அறையும்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு. காட்பாடியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



ஒரு நினைவுச் சொற்பொழிவில் வேலைக்கான நேர்காணலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் பேரவைத் தோழர்கள் சற்றுத் தயங்கினார்கள். இலக்கியம், வரலாறு, அரசியல் என்று எவ்வளவோ இருக்கிறதே என்றார்கள். நான் பேச வந்திருப்பதும் அரசியல்தான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் சமூகப் பணியோ சமூகவியலோ படிக்கிறவர்கள். படித்து முடித்ததும் உங்களில் பலர் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்வீர்கள். பைக்கில் சேரி சேரியாகப் போவீர்கள், குழு கட்டுவீர்கள், மனு எழுதுவீர்கள், காவல் நிலையத்தில் நிற்பீர்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தில் இயக்குநர் பதவி காலியாகும். அப்போது அந்த நேர்காணல் அறைக்குள் யார் கூப்பிடப்படுகிறார்கள், உள்ளே என்ன கேட்கப்படுகிறது, வெளியே வரும்போது யார் கையில் ஆணை இருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

1. ஒரு பழைய நிர்வாகக் குழு

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்தவர்களில் ஒருவர்தான், யாருடைய பெயரால் இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அவர். 1890களில் பறையர் மகாஜன சபையை நடத்திய இரட்டைமலை சீனிவாசன், ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்து பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அவரை வெள்ளைக்காரனின் ஆள் என்று ஏசியவர்கள் உண்டு. அவர் கேட்டது எளிய கேள்வி. தேர்வு இங்கே நடந்தால் அதில் தேறி கலெக்டராக வந்து உட்காரப் போகிறவர் யார்? கிராமத்தில் நம்மைக் கிணற்றடியில் நிற்க விடாதவரின் மகன்தானே? தேர்வு என்பது பொதுவான வாசல் என்று எல்லோரும் சொன்ன காலத்தில், அந்த வாசலுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று அவர் கேட்டார்.

அடுத்த காட்சி 1932. செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. கையெழுத்திட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர். ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 30-ல், பம்பாயில் தீண்டாமை ஒழிப்புக்கென அகில இந்திய அமைப்பு ஒன்று தொடங்கப்படுகிறது. பிற்பாடு ஹரிஜன சேவக சங்கம் என்று பெயர் பெற்றது அதுதான். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு பெரிய தேசியத் தொண்டு நிறுவனம். தலைவர் தொழிலதிபர் ஜி.டி. பிர்லா. பொதுச் செயலாளர் ஏ.வி. தக்கர். மத்தியக் குழுவில் அம்பேத்கர், எம்.சி. ராஜா, சீனிவாசன் ஆகிய மூவரும் இடம் பெற்றார்கள். திருச்சி டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனும் அதில் இருந்தார்.

நவம்பர் மாதம் மூன்றாவது வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போகும்போது அம்பேத்கர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். தோழர்கள் அவசியம் படிக்க வேண்டிய கடிதம் அது. அதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, அமைப்பு என்ன வேலை செய்ய வேண்டும் என்பது. தனிமனிதர்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுப்பது, மதுவை விடச் சொல்வது, நூலகம் வைப்பது என்று போகாமல், கிணறு, சாலை, பள்ளி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டும் போராட்டத்தை நடத்துங்கள் என்கிறார். இரண்டாவது, அந்த வேலையை யாரைக் கொண்டு செய்ய வேண்டும் என்பது. சம்பளத்துக்காக எந்த வேலையையும் செய்கிறவர்கள் போதாது, அந்த மக்கள்மேல் பற்று உள்ளவர்கள் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்தே கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்கிறார். பணியாளர் தேர்வு பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்றாக நான் இதைப் பார்க்கிறேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மூவரும் அந்தக் குழுவில் நீடிக்கவில்லை. எங்களையும் நிர்வாகத்தில் சேருங்கள் என்று கேட்டுப் போன தலித் குழுக்களுக்குக் காந்தி கொடுத்த விளக்கத்தை 1945-ல் வெளிவந்த தன் நூலில் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். தீண்டாமை சாதி இந்துக்கள் செய்த பாவம், இந்தச் சங்கம் அவர்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் அவர்கள் கொடுத்தது, ஆகவே நடத்த வேண்டியவர்களும் அவர்களே. நீங்கள் வேண்டுமானால் ஆலோசனைக் குழு அமைத்துக்கொண்டு எங்கள் வேலையைக் கவனித்துச் சொல்லுங்கள். இதுதான் சாரம்.

இந்த இரண்டு வாதங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தவர் நிர்வகிப்பார். பயன் பெறுபவர் ஆலோசனை சொல்வார். தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் இயக்குநர் நேர்காணல்களில் ஓடுவது இதே வாதம்தான், வேறு சொற்களில்.

இதற்கு மாற்றாக ஒரு முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. 1924 ஜூலையில் பம்பாயில் அம்பேத்கர் தொடங்கிய பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபா. அதற்குத் தலைவர் சர் சிமன்லால் செடல்வாட். துணைத் தலைவர்களும் பெரிய மனிதர்கள், நம்மவர் அல்லாதவர்கள். ஆனால் நிர்வாகக் குழுவின் தலைவர் அம்பேத்கர். செயலாளர் சிவ்தர்கர், தோல் தொழில் சார்ந்த சாம்பார் சமூகத்தவர். பொருளாளர் ஜாதவ். மரியாதைக்குரிய நாற்காலியை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். 1924-ன் சபாவில் நாம் முடிவெடுத்தோம், மற்றவர்கள் துணை நின்றார்கள். 1932-ன் சங்கத்தில் அவர்கள் முடிவெடுத்தார்கள், நமக்கு ஆலோசனைக் குழு. எந்த நிறுவனத்துக்குள் நுழைந்தாலும் இது 1924-ஆ, 1932-ஆ என்று கேட்டுப் பாருங்கள்.

2. நம் பக்கத்துக் கதை

பழைய வட ஆர்க்காடு தொண்டு நிறுவனங்களுக்குப் புதிய மண் அல்ல. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பத்தின் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. 1977-ல் அந்த மருத்துவமனையின் கிராமப் பணிக்காக கே.வி. குப்பத்தில் ரூசா வந்தது. பிறகு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பதிவு செய்யப்பட்ட சங்கங்கள், அறக்கட்டளைகள். 2001 டர்பன் மாநாட்டுக்குப் பின் தலித் உரிமை என்ற பெயரிலேயே நிதி வந்தது. பாலாறு கெட்டுப்போனதும் சுற்றுச்சூழலுக்கு நிதி, ஷூ கம்பெனிகள் பெருகியதும் தொழிலாளர் நலனுக்கு நிதி.

மிஷன் காலத்திலேயே ஒரு பிரிவினை உருவானது. கிராமத்தில் குடியிருந்து, சேரிக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, ஊர்க்காரர்களின் அடியையும் வாங்கியவர் உபதேசியார். அவர் பெரும்பாலும் நம்மவர். அறிக்கை எழுதி, நிதி திரட்டி, அடுத்த ஆண்டு எந்த ஊரில் பள்ளி என்று முடிவு செய்தவர் பங்களாவில் இருந்தார். மிஷன் போய் ப்ராஜெக்ட் வந்தபோது உபதேசியாரின் இடத்துக்குக் களப்பணியாளர் வந்தார். பங்களாவின் இடத்துக்கு தலைமை அலுவலகம் வந்தது. களப்பணியாளருக்கு மேலே ஒருங்கிணைப்பாளர், அவருக்கு மேலே திட்ட மேலாளர், அவருக்கு மேலே இயக்குநர், அவருக்கும் மேலே போர்டு. படிக்கட்டில் மேலே போகப் போக ஆங்கிலம் கூடும், சம்பளம் கூடும், சேரியிலிருந்து வந்தவர்களின் எண்ணிக்கை குறையும். இது நம்மில் யாருக்கும் புள்ளிவிவரம் காட்டி நிரூபிக்க வேண்டிய விஷயமல்ல. அவரவர் வேலை செய்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலை மேலிருந்து கீழாக மனதில் ஓட்டிப் பாருங்கள்.

ஊடகத் துறையில் இப்படி ஒரு பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில் செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பதவிகளில் 106-ல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. சமத்துவம் பேசும் தொண்டு நிறுவனங்கள் தங்களைப் பற்றி இதே கணக்கை எடுத்து ஆண்டறிக்கையில் அச்சிடட்டும் என்பது இந்த மேடையிலிருந்து நான் வைக்கும் முதல் கோரிக்கை.

3. அறைக்குள் கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளில் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பித்துப் போயிருக்கிறேன், தேர்வுக் குழுவிலும் இருந்திருக்கிறேன். காட்பாடியில் காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து சென்னைக்குப் போய் நேர்காணல் முடித்து இரவு திரும்பிய தோழர்களின் கதைகளையும் சேகரித்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதல் வகை: "உங்களைப் பத்தி, குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க." யாரும் சாதியைக் கேட்பதில்லை. அப்பா என்ன செய்கிறார், சொந்த ஊர் எது, ஊருக்குள்ளா வெளியிலா, எந்தப் பள்ளி, விடுதியிலா படித்தீர்கள் என்று கேட்டால் போதும். அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார் என்று சொன்ன பிறகு சாதிச் சான்றிதழ் எதற்கு? சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 பெரிய கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2007-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. திறமை ஒன்றையே பார்க்கிறோம் என்ற அதிகாரிகள், குடும்பப் பின்னணியைக் கேட்டே தீர்வோம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பத்திலிருந்து வந்தவர் நல்ல பணியாளராக இருப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே இதழில் அஸ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி எழுதினார்கள். மற்ற மாணவர்களுக்குச் சாதாரணமாகப் பட்ட அந்தக் கேள்வி தலித் மாணவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். பதில் சொன்ன பிறகு அறையில் நிகழும் மாற்றம் ஒன்றல்ல.

இரண்டாம் வகை: "எல்லாச் சமூகத்துக்கும் பொதுவா இருப்பீங்களா?" இந்தக் கேள்வியை ஒரு முதலியாரிடமோ ஐயரிடமோ கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் பிறப்பிலேயே பொதுவானவர்கள். நாம் மட்டும் பொதுவானவர் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் என்னிடம் இதையே வேறு மாதிரி கேட்டார்கள்: "உங்க எழுத்தைப் படிச்சிருக்கோம், கொஞ்சம் கோபமா இருக்கே, டீமை எப்படி அரவணைச்சுப் போவீங்க?" அந்த நிறுவனத்தின் சுவரில் அம்பேத்கர் படம் மாட்டியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியச் சொல்லிக் களப்பணியாளரை அனுப்பும்போது அந்தக் கோபம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இயக்குநர் அறைக்குள் மட்டும் அது பயமாக இருந்தது.

மூன்றாம் வகை: நிதி திரட்டும் திறன். "உங்க நெட்வொர்க் எப்படி?" நிதி திரட்டுவது இயக்குநரின் வேலைதான், கேட்கட்டும். ஆனால் கேட்கப்படுவது என்ன? திட்ட முன்மொழிவு எழுதத் தெரியுமா, பட்ஜெட் போடத் தெரியுமா என்று கேட்டால் அது திறமையைப் பற்றிய கேள்வி. சி.எஸ்.ஆர். தலைவர்களில் யாரைத் தெரியும், எந்தக் கல்லூரித் தோழர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் அது பிறப்பைப் பற்றிய கேள்வி. பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூ சமூக மூலதனம், பண்பாட்டு மூலதனம் என்று சொன்னது இதைத்தான். பணம்போலவே பழக்கவழக்கமும், அறிமுகமும், பேச்சுத் தோரணையும் தலைமுறையாகச் சேர்ந்து கைமாறுகின்றன. சேர்ந்துகொண்டே வந்த சொத்தைத் தனிமனிதத் தகுதி என்று நேர்காணலில் எண்ணிக் கொடுக்கிறார்கள்.

நான்காம் வகை பெண்களுக்கு. "நைட் டிராவல் இருக்கும்மா, வீட்ல ஒத்துக்குவாங்களா?" இரவு பதினொரு மணிக்குக் காவல் நிலைய வாசலில் நின்றபோது யாரும் வீட்டில் கேட்டீர்களா என்று கேட்கவில்லை. டைரக்டர் பதவிக்கு வந்ததும் அக்கறை வந்துவிடுகிறது.

இந்த நான்கிலும் ஆங்கிலம் ஊடாக ஓடுகிறது. வெளிநாட்டு நிதியாளரோடு பேச ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் பேசுவதில் பெரும்பகுதி யாரோடு? பேரணாம்பட்டுப் பெண்ணோடு, வட்டாட்சியரோடு, தொழிற்சங்கத்தோடு, கம்பெனி சூப்பர்வைசரோடு. அதெல்லாம் தமிழில். அந்த மொழியில் ஒரு கேள்விகூடக் கேட்காத நேர்காணல் அந்த வேலையை அளக்கவில்லை. நிதியாளருக்கு முன்னால் நிற்கும் தோற்றத்தை மட்டும் அளக்கிறது.

4. ஆய்வும் சட்டமும்

அறைக்குள் போவதற்கு முன்பே வடிகட்டல் தொடங்குகிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் நடத்திய ஆய்வு இதைக் காட்டியது. செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்த்து, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் வைத்து அனுப்பினார்கள். 66 வாரங்கள், 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. மனிதரைப் பார்க்கவே இல்லை, பெயர் மட்டும்தான். இது தனியார் கம்பெனிகளைப் பற்றிய ஆய்வு. தொண்டு நிறுவனங்கள் கம்பெனிகளைவிட மேலானவை என்றால் அதை அவை நிரூபித்துக் காட்டட்டும்.

அமெரிக்காவிலும் இதே கதை நிற அடிப்படையில் நடக்கிறது. 2017-ல் அங்கே வெளியான ரேஸ் டு லீட் என்ற ஆய்வு லாப நோக்கற்ற நிறுவனங்களில் வேலை செய்யும் நாலாயிரம் பேருக்கு மேல் கேட்டு எழுதப்பட்டது. கறுப்பின, பிற நிறத்தவர் தலைமைக்கு வராததற்குத் தகுதியும் ஆசையும் இல்லாததே காரணம் என்ற பேச்சை அது உடைத்தது. தலைமைப் பதவியை விரும்புவோர் வெள்ளையரைவிட அவர்களிடையே அதிகம். படிப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை. தடை தேர்வு செய்கிறவர்களிடம் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அஜய் ஹாசியா வழக்கை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. நேர்காணல் இரண்டு மூன்று நிமிடம்தான் நடந்தது, கேட்டது பெற்றோர் யார், எந்த ஊர் என்று. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை இப்படி ஒதுக்குவது தன்னிச்சையானது, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது நீதிமன்றம். நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அந்தக் கல்லூரியும் ஒரு பதிவு செய்யப்பட்ட சங்கம்தான் நடத்தியது. ஆனால் அரசின் நிதியும் கட்டுப்பாடும் ஆழமாக இருந்ததால் அது அரசின் கருவி என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அதனால்தான் சமத்துவ உரிமை அங்கே செல்லுபடியானது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான ஒரு சாதாரணத் தொண்டு நிறுவனத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அரசு வேலைக்கானது. இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர்வலம் போகும் நிறுவனம், தன் அலுவலகத்தில் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது, அது முறைகேட்டுக்கு இடம் தருகிறது என்று சொல்லி. தொண்டு நிறுவனத்தின் மேல்நிலைப் பணியோ முழுக்க முழுக்க நேர்காணலில் முடிவாகிறது. மதிப்பெண் இல்லை, ஒலிப்பதிவு இல்லை, மேல்முறையீடு இல்லை.

5. ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்

முன்பெல்லாம் ஒரு தோழருக்கு நிறுவனத்துக்குள் மேலே போக வழி இல்லையென்றால் வெளியே வந்து சிறிய அமைப்பு ஒன்றைத் தொடங்குவார். பெரிய நிறுவனம் வாங்கும் வெளிநாட்டு நிதியில் ஒரு பகுதி அந்தச் சிறிய அமைப்புக்கு வரும். நம் பகுதியில் தலித்துகள் தலைமையில் நடந்த பல அமைப்புகள் இப்படித்தான் உயிர் வாழ்ந்தன. 2020-ல் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது முற்றாகத் தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. சிறிய அமைப்புகளின் வாசல் சாத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2016-ல், குஜராத்தில் மார்ட்டின் மக்வான் தொடங்கிய நவ்சர்ஜன் போன்ற தலித் அமைப்பின் பதிவே ரத்தானது.

இன்னொரு பக்கம், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் கணக்கு வழக்கில் பெரிய, முதலாளியோடு முரண்படாத நிறுவனங்களைத் தேடிப் போகிறது. ஆக, வெளியே வந்து தனி அமைப்பு கட்டும் வழி குறுகிவிட்டது. எஞ்சியிருப்பது பெரிய நிறுவனத்தின் இயக்குநர் அறை. அதனால்தான் அந்த நேர்காணல் ஒரு தனிமனிதரின் பதவி உயர்வு விவகாரமாக இனி இருக்க முடியாது.

6. நாற்காலி மாறினால் என்ன மாறும்

யார் இயக்குநராக இருந்தால் என்ன, வேலை நடந்தால் சரி என்று சிலர் கேட்கலாம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் ஷாப்புகளில் தொட்டி இறங்கி விஷவாயுவில் சாகிற நம் ஆட்களின் கதை உங்களுக்கே தெரியும்.

இப்படி ஒரு சாவு நடந்த மறுநாள் ஒரு தொண்டு நிறுவனம் என்ன செய்யும்? கையுறை, முகக்கவசம் கொடுத்து விழிப்புணர்வு முகாம் நடத்தலாம். அதற்குக் கம்பெனியே நிதி தரும். அல்லது பாதாளச் சாக்கடைச் சாவுகளுக்கு 2014-ல் 10 லட்சம் என்றும், 2023-ல் 30 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த இழப்பீட்டைத் தோல் தொழிற்சாலைத் தொட்டிச் சாவுகளுக்கும் கேட்டு வழக்காடலாம், முதலாளிமேல் குற்றவழக்குக் கோரலாம். அதற்கு நிதி வராது, வந்துகொண்டிருக்கும் நிதியும் நிற்கலாம். களப்பணியாளர் இரண்டாவது வழியைச் சொல்லுவார். எந்த வழி என்று கையெழுத்திடுகிறவர் இயக்குநர். தொட்டிக்குள் இறங்கியவரின் உறவுக்காரர் அந்த நாற்காலியில் இருந்தால் எப்போதும் சரியான கையெழுத்துத்தான் விழும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் அந்த இரண்டாவது வழி மேசைக்கு வரும், பேசப்படும்.

ஆம்பூரில் வீட்டிலிருந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்களைப் பாருங்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. இவர்களுக்கான திட்டத்தைச் சுயதொழில் பயிற்சி என்று எழுதுவதா, தொழிலாளராக அங்கீகரிக்கும் உரிமை என்று எழுதுவதா? இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றியவை. முதலாவது அவளைப் பயனாளி ஆக்கும், இரண்டாவது அவளைத் தொழிலாளி ஆக்கும். 1932-ல் அம்பேத்கர் தக்கரிடம் கேட்டது இந்த வேறுபாட்டைத்தான்.

7. செய்ய வேண்டியவை

விண்ணப்பிக்கப் போகும் தோழர்களுக்கு முதலில் சொல்கிறேன். களப்பணியை வெறும் அனுபவம் என்று சொல்லாதீர்கள், நிர்வாகமாகச் சொல்லுங்கள். எத்தனை பேரை மேற்பார்வை செய்தீர்கள், எவ்வளவு ரூபாய் பட்ஜெட் உங்கள் கையில் ஓடியது, எத்தனை வழக்கு பதிவாகி எத்தனைக்கு நிவாரணம் கிடைத்தது என்று எண்ணோடு சொல்லுங்கள். கணக்கு கற்றுக்கொள்ளுங்கள். 12ஏ, 80ஜி என்றால் என்ன, டிசம்பர் 31-க்குள் போக வேண்டிய எஃப்.சி.-4 அறிக்கையில் என்ன இருக்கும், தணிக்கை அறிக்கையை எப்படி வாசிப்பது என்பதெல்லாம் நமக்குச் சொல்லித் தராமல் வைத்திருக்கும் பாடங்கள். ஆறு மாதம் உட்கார்ந்தால் கற்றுவிடலாம்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் காட்டுவீர்களா? போர்டில் யார் யார், ஒரே குடும்பத்தவர் எத்தனை பேர்? வங்கிக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் இயக்குநருக்கு உண்டா? முந்தைய இயக்குநர் ஏன் போனார்? நிறுவனர் ஓய்வுபெற்ற பிறகும் அலுவலகத்துக்கு வருகிறாரா? நிதி வற்றிக் கப்பல் முழுகும் நேரத்தில் மட்டும் தலித் இயக்குநரைத் தேடுகிற நிறுவனங்களும் இருக்கின்றன. இந்தக் கேள்விகள் அதைக் காட்டிக்கொடுக்கும். சம்பளம் பேசும்போது சேவை மனப்பான்மையை நினைவூட்டினால், முந்தையவர் வாங்கிய சம்பளத்தைக் கேளுங்கள். சாதியை மறைக்கவும் வேண்டாம், அதையே தகுதியாக விற்கவும் வேண்டாம். அந்த வாழ்க்கையிலிருந்து கற்றது என்ன, அதைக் கொண்டு நிறுவனத்தை எங்கே கொண்டுபோவீர்கள் என்று சொல்லுங்கள்.

தேர்வுக் குழுக்களில் இருக்கும் நண்பர்களுக்கு. விளம்பரத்தைத் தமிழிலும் போடுங்கள். பெயரையும் கல்லூரியையும் மறைத்து முதல் சுற்றை நடத்துங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே எழுதிய மதிப்பெண் அட்டவணை. குடும்பத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பாதி நேர்காணல் தமிழில், அதில் ஒரு பகுதி மக்கள் முன்னிலையில் நடக்கட்டும். நிறுவனம் வேலை செய்யும் சேரிகளிலிருந்து இரண்டு பேர் வாக்குரிமையோடு குழுவில் இருக்கட்டும், ஆலோசகராக அல்ல. அஜய் ஹாசியா தீர்ப்பு சொன்னபடி ஒலிப்பதிவு செய்யுங்கள். "நம்ம சூழலுக்குப் பொருந்தமாட்டார்" என்று யாராவது சொன்னால், எந்தச் சூழல் என்று எழுத்தில் கேளுங்கள்.

நம் அமைப்புகளுக்கு. தலித் தலைமையில் நடக்கும் நிறுவனங்களிலும் இதே கேள்விகள் உண்டு. நிறுவனரின் மகனுக்கு நாற்காலி தயாராக இருக்கும் இடத்தில், அருந்ததியர் தோழரும் இருளர் தோழரும் கடைசிவரை களப்பணியாளராகவே இருக்கும் இடத்தில், பெண் கணக்காளராக மட்டும் இருக்கும் இடத்தில் நாமும் 1932-ஐத்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம். இந்தப் பேரவை ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். இயக்குநர் பதவிக்குத் தயாராகும் தோழர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சி. கணக்கும் ஆங்கிலமும் மாதிரி நேர்காணலும் கற்றுத்தர நம்மிடையே ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்றது. தீர்மானம் நிறைவேறியது. ஆனாலும் ஒவ்வொரு தெருவிலும் யாரோ ஒருவர் முதலில் நடந்துபோக வேண்டியிருந்தது. நம் மக்களின் பெயரால் பணம் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் பொதுச் சொத்துதான். அதன் இயக்குநர் அறைக்குப் போகும் வழியும் பொது வழிதான். விண்ணப்பம் போடுங்கள், தோழர்களே. கேள்வி கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள், அந்தப் பதிலை இந்தப் பேரவைக்குக் கொண்டுவாருங்கள். பத்துப் பதில்கள் சேர்ந்தால் அதுவே நமக்கு ஓர் ஆய்வு, ஒரு போராட்டம்.

ஜெய்பீம்.